லாரியில் போன சோற்றுப் பாத்திரம்

என் வீட்டுக்காரர் கொரியரில் வரவழைத்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு கூடாரப் படம் போட்டிருந்தது. கூடாரத்துக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டே சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். என் கண் முதலில் போனது அந்தப் பெண் மேல்தான்.

உள்ளே சின்ன அலுமினியப் பாத்திரம், ஆவியில் சோறு வேக ஒரு ஓட்டைத் தட்டு, மடக்குகிற கைப்பிடி. மலையேறப் போகிறவர்கள் முதுகுப் பையில் கொண்டுபோவதாம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. எடையில்லாத எதையும் நான் லேசில் நம்புவதில்லை.

அவர் லாரி டிரைவர். சீசனில் பட்டாசு லோடு, மற்ற நாளில் ஆலங்குளம் சிமெண்ட். வயிற்றுப்புண் வந்ததிலிருந்து ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வழியில் குழையப் பொங்கிச் சாப்பிடத்தான் இது என்றார். சிமெண்ட் லோடு என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அப்போது தீபாவளி சீசன்.

நான் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவள். உரசினால் பொறி வரும் என்று கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பழகியவள். வீட்டில்கூடப் பாத்திரத்தைத் தரையில் இழுக்க மாட்டேன், தூக்கித்தான் வைப்பேன். லாரிக்காரர்கள் மழைக்கு வண்டியடியிலேயே அடுப்பு மூட்டுவதை ரோட்டோரத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

“இத எங்கன வச்சுப் பொங்குவீக?”

“தூரமா வச்சுத்தான்.”

“தூரமான்னா எம்புட்டு தூரம்?”

“ஏ பிள்ள, டேப் வச்சா அளந்தேன்? தூரமா வச்சுத்தான் பொங்குவேன், போதுமா?”

எனக்குப் போதவில்லை. திருச்சியில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கணும் என்று சொல்லி அடுத்த லோடில் நானும் ஏறிக்கொண்டேன். பட்டாசு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று முனகினார். நான் இறங்கவில்லை.

துவரங்குறிச்சி தாண்டிச் சாயங்காலம் வண்டியை ஓரங்கட்டினார். கிளீனரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு டீக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கினார். வண்டிக்குள் தீப்பெட்டியே வைத்துக்கொள்வதில்லையாம், மிச்சத்தையும் கடையிலேயே கொடுத்துவிடுவாராம். எனக்காக நடிக்கிறாரோ என்று தோன்றியது. பிறகு ஒரு கையில் பாத்திரமும் அரிசிப் பையும், இன்னொரு கையில் தண்ணீர் கேனுமாகக் கண்மாய்க் கரை மேல் நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன்.

“இன்னுமா போகணும்?”

“திரும்பிப் பாரு. வண்டி இந்தத் தீப்பெட்டி அளவுக்குத் தெரியுதா?”

“செங்கல் அளவுக்குத் தெரியுது.”

“அப்ப நட. பழைய இரும்புச் சட்டியத் தூக்கிக்கிட்டு இம்புட்டு தூரம் நடக்க முடியல. பாதி நாள் பொங்காமலே கிடந்தேன். அதுக்குத்தான் இத வாங்குனது.”

கல்லைக் கூட்டிச் சுள்ளி எரித்துப் பொங்கினார். சோறு நன்றாகத்தான் வெந்தது. அதையும் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன்.

“மழ வந்தா என்ன செய்வீக?” என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அந்தப் பதில் வராதது என்னைத் தூங்கவிடவில்லை. தீபாவளிக்கு முந்தின கடைசி லோடுக்கு அவர் கிளம்பியபோது அரிசிப் பையை நானே கட்டிக் கொடுத்தேன். கம்பெனியில் பண்டலுக்குப் போடும் முடிச்சு அது. அவிழ்த்துவிட்டால் அதே மாதிரி திரும்பப் போட அவருக்கு வராது. வழியெல்லாம் மழை என்று போனில் சொன்னார். சாப்பிட்டீகளா என்றால் “ம்” என்றார். அந்த “ம்” எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யார் போன் அடித்தாலும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுத்தேன்.

திரும்பி வந்தவர் குளிக்கப் போனதும் பாத்திரத்தை எடுத்து மோந்து பார்த்தேன். அடியில் கரி இல்லை. தேய்த்துக் கழுவியிருக்கலாம். அரிசிப் பையை வெளியே எடுத்தேன்.

முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

மழைக்கு வண்டியடியில் அடுப்பு மூட்டாமல், வயிற்றுப்புண்ணோடு மனுஷன் பன்னும் டீயுமாகப் போய் வந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புருஷன் சோறில்லாமல் கிடந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “சோறு இருக்கா பிள்ள?” என்று கேட்டார். அந்த முடிச்சை நானே அவிழ்த்து, அந்த அரிசியையே உலையில் போட்டு, நன்றாகக் குழைய விட்டேன்.