எலி அப்பன்கள்

ஸ்டாக்ஹோமில் பட்டப்பகலில் ஆண்கள் கும்பலாகப் பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சங்ககிரியில் என் மகன் அழுது நான் எழுந்தால், வீடே என்னைத்தான் பார்க்கிறது.

"ஏண்டா பொம்பளையாட்டம் ஓடறே? உங்கம்மா இருக்கறால்ல, உக்காரு" என்றார் அப்பா. பாதி ஆயுசை லாரியில் கழித்தவர். என்னைத் தூக்கிய நினைவு அவருக்கே கிடையாது.

மகனை அப்பா அம்மாவிடம் விட்டுப் போகத்தான் நானும் மனைவியும் வந்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் செய்வதுதான். பள்ளிக்கூடம் சேரும்வரை பிள்ளை ஊரில் வளரும், இருவரும் வேலைக்குப் போகலாம். ஸ்டாக்ஹோமில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ், எவ்வளவு நாள் விட்டு வருவீர்கள் என்று கேட்டதற்கு "மூன்று வருஷம்" என்றேன். எனக்கு ஸ்வீடிஷ் வரவில்லை என்று நினைத்து, "மூன்று வாரம்" என்று சிரித்தபடி திருத்தினாள். என்னத்தைச் சொல்ல!

ஆய்வுக்கூடத்தில் என் பிழைப்பே எலி அப்பன்களைக் கவனிப்பது. குட்டியைக் கண்டால் கடித்துக் குதறும் ஆண் எலி, இணை சேர்ந்து, ஈன்ற பெண் எலியோடு கூடவே இருந்தால் குட்டியை நக்கிக் கொடுக்கும். ஹார்மோன் மாறும், மூளையில் சும்மா கிடந்த மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். 'பப்பாலேடிக்ஹேட்' என்று அங்கே அப்பன்மாருக்கும் பிள்ளை பார்க்க விடுப்பு உண்டு. அதில் மாதக்கணக்கில் பீ துடைத்த எனக்கும் அதே கதைதான் என்று அப்பாவிடம் விளக்கினேன்.

"அட போடா! நா உன்னயத் தூக்குனதே இல்ல. பாசமில்லாமப் போச்சா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த நாள் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பிள்ளை அப்பாவின் தோளுக்குப் போனான். லாரிப் பட்டறைக்குத் தூக்கிப்போய் ஹாரன் அடித்துக் காட்டினார், கழுவிவிட்டார், தூங்க வைத்தார். கொஞ்ச நாளில் அழுகை கேட்டு நான் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். "நீ உக்காரு, உனக்குத் தூக்கத் தெரியல" என்று எனக்கே பாடம்! பற்றிக்கொண்டு வந்தது.

கிளம்பும் நாள் நெருங்க நெருங்க எனக்கு மகனை விட்டுப் போக மனம் வரவில்லை. மனைவியும் அழுதுகொண்டே இருந்தாள். கடைசியில் சொல்லிவிட்டேன்: "கூட்டிட்டே போயிடறமுங்கப்பா."

அவர் பேரனைக் கீழே இறக்கவில்லை.

"எலிக் கதை சொன்னவன் நீதானடா. இப்ப என்னய என்ன பண்ணச் சொல்றே?"

இப்போது வீடியோவில் பேசுகிறோம். நடுவில் மகன் அழுதால் நான் எழுகிறேன். சங்ககிரியில் அப்பாவும் எழுந்துவிடுகிறார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் அப்படியே நிற்கிறார்.