எலி வராத மார்கழி

அவனியாபுரத்தில் ஏர்போர்ட் போகும் பக்கம், வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில்தான் ஜெபமணியின் வீடு. எல்லா வயலையும் போட்டு முடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வயல் மிச்சம் இருக்கிறது. இடத்தைக் காட்டிய புரோக்கர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். கண்ணுக்குக் குளிர்ச்சி, நல்ல காற்று வரும் என்றார். காற்று வருவதெல்லாம் சரி. ஐப்பசி மழையில் வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறியதும் அங்கே குடியிருக்கும் எலிகள் எங்கே போகும் என்று அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

வேறு வீடுகளில் எலி வந்தால் அரிசி மூட்டையில் ஓட்டை விழும், பட்டுச்சேலை பாழாகும். திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஜெபமணி வீட்டில் நடந்தது வேறு. போன வருஷம் மார்கழியில் ஒரு காலை, கணவருக்குக் காபி கொண்டு போனாள். ஞானசீலன் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அவள் போர்வையை மடிக்கலாமென்று இழுத்தாள். கால்மாட்டில் ரத்தம். வலது கால் சுண்டுவிரலில் நுனிச் சதையைக் காணோம்.

"என்னங்க இது?" என்றாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்து, "எது?" என்றார்.

சர்க்கரை நோய் அவர் பாதங்களை அப்படி ஆக்கி வைத்திருந்தது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. எலி நிதானமாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது, அவர் தூங்கியிருக்கிறார். அந்தப் புண் ஆற ஈஸ்டர் தாண்டிவிட்டது. காளவாசல் டாக்டர் கட்டுப் பிரித்த அன்று ஜெபமணியைத் தனியே கூப்பிட்டு, "இது பிழைச்சது உங்க அதிர்ஷ்டம்மா. இன்னொரு புண்ணு வந்தா காலைக் காப்பாத்த முடியாது" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. மகள் டயானா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, "அப்பா கால் எப்படிம்மா இருக்கு?" இரண்டாவது கேள்வி, "எலி?"

இந்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். சமையலறைச் சாக்கடை ஓட்டைக்குக் கம்பி வலை அடித்தாள். சுவரோரம் இருந்த பொந்துகளில் உடைந்த பாட்டிலைப் போட்டுச் சிமெண்ட் பூசினாள். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தாள். பொறி வைத்தாள், அதில் மூஞ்சூறு விழுந்தது. பசை அட்டை வைத்தாள், அதில் ஒரு பல்லியும் அவளுடைய இடது கால் செருப்பும் ஒட்டிக்கொண்டன. கிறிஸ்துமசுக்கு வீட்டில் அதிரசமும் முறுக்கும் சுடவில்லை. டின்னில் பலகாரம் இருந்தால் வாசனைக்கு எலி வரும். நட்சத்திரம்கூடக் கட்டவில்லை, அதற்கு இழுக்கும் வயர் எலிக்குப் பாலமாகிவிடுமாம். சபையில் பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும், அவர்கள் வீட்டுக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறது.

இம்புட்டும் செய்து என்ன, பக்கத்து வீட்டில் அழகுபாண்டியின் காளை நின்றது. பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசலில் இறங்கப் போகிற காளை. மார்கழி முழுக்க அதற்கு ராஜ சாப்பாடு. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்து, பேரீச்சம்பழம். காளை சிந்தியதைத் தின்ன அந்த வட்டாரத்து எலியெல்லாம் மாட்டுக் கொட்டத்துக்கு வந்தது. கொட்டத்துக்கும் ஞானசீலன் படுக்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

எலி மருந்து வைக்கலாமா என்று ஜெபமணி கேட்கப் போனபோது அழகுபாண்டி பதறிவிட்டான்.

"அக்கா, கையெடுத்துக் கும்புடுறேன், அது மட்டும் வேணாம். மருந்தத் தின்ன எலி வந்து தொட்டில விழுந்துச்சுன்னா என் மாடு போச்சு."

"உன் மாட்டுக்கு இம்புட்டுப் பாக்குறியே, சார் காலுக்கு நான் என்னப்பா செய்யிறது?"

அவன் தலையைச் சொறிந்தான். நல்லவன்தான், சார் மேல் மரியாதை உள்ளவன்தான். "தை மூணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கங்கக்கா. அப்புறம் நானே வந்து மருந்து வைக்கிறேன்" என்றான். எலிக்குத் தேதி தெரிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அதுவரை மருந்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே கட்டிலுக்கு மேலே ஜன்னல் திண்டில் கறுப்பாக நாலு புழுக்கை கிடந்தது. காளவாசலுக்குப் போய் மருந்துக் கேக் வாங்கி வந்து, யாருக்கும் சொல்லாமல் பரண் மேல் வைத்தாள். சொன்ன வார்த்தையை மீறுகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று இறங்கினாள்.

அதோடு நிற்கவும் மனசு கேட்கவில்லை. பீரோவுக்கு அடியிலிருந்து அவருடைய ஆபீஸ் ஷூவை எடுத்தாள். கெட்டித் தோல், கறுப்பு. எலி பல்லை உடைத்துக்கொண்டால்தான் உண்டு. கறுப்பு சாக்ஸை இரண்டிரண்டாக மாட்டி, ஷூவைப் போட்டு, இடைவெளி இல்லாமல் லேஸை இழுத்து இறுக்கிக் கட்டினாள். சாயங்காலமானால் அவருக்குக் கால் வீங்கும். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஏறியது.

"இறுக்குதாங்க?"

"எனக்கெங்க தெரியுது" என்று சிரித்தார் ஞானசீலன். "ஷூ போட்டுப் படுக்குறேன். எந்த ஸ்கூலுக்குப் போகணும்னு மட்டும் சொல்லிரு."

அவளும் சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்தது அப்போதுதான்.

காலையில் ஷூவைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எலி விரலைத்தான் கடிக்கும், அதனால் விரலைத்தான் பார்த்தாள். எல்லா விரலும் முழுசாக இருக்கும். பனி கூடிய பிறகு, "சாக்ஸ் இருக்கட்டும், கதகதப்பா இருக்கு" என்று அவர் சொன்னார். அதுவும் சரியென்றே பட்டது. சாக்ஸில் ஓட்டை இல்லையென்றால் எலி கடிக்கவில்லை. மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். ஜன்னல் திண்டில் அதன் பிறகு புழுக்கையும் இல்லை. புது வருஷ ஆராதனைக்கு அந்த ஷூவோடேயே அவரை ஆட்டோவில் அழைத்துப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். பாவம், நினைக்க மாட்டாளா?

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. அவளுக்கு ஜலதோஷம், முதலில் தெரியவில்லை. பால் ஊற்ற வந்தவர் மூக்கைச் சுளித்து, "எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டபோதுதான் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஆமாம், செத்த எலிதான். அந்த நாற்றம் அவள் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது. மருந்து வேலை செய்துவிட்டது.

ஃபிரிட்ஜை நகர்த்தினாள், பீரோவுக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். கிடைக்கவில்லை. மருந்து வைக்க ஏறி இறங்கியதிலிருந்து அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டிருந்தது, மறுபடி பரணுக்கு ஏற முடியாது. வேறு வழியில்லாமல் அழகுபாண்டியைக் கூப்பிட்டாள். அவனோடு அவன் மனைவி அன்னக்கொடியும் வந்தாள்.

"அழகுபாண்டி, ஏறுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேன். மேல மருந்து வச்சிருக்கேன். உங்கிட்டச் சொன்னத மீறிட்டேம்ப்பா" என்றாள் ஜெபமணி.

அவன் முகம் மாறியது. ஆனாலும் ஸ்டூலைப் போட்டு ஏறினான். பெட்டியை நகர்த்தினான், பழைய பாயை உதறினான்.

"கேக்கு வச்சது வச்சபடி இருக்குக்கா. ஒண்ணுகூடத் தொடல. எலி வந்த தடமே இல்ல."

"நல்லாப் பாருப்பா. நாத்தம் வருதுல்ல."

அன்னக்கொடி அறைக்கு அறை மோந்துகொண்டே போனாள். கடைசியாக ஞானசீலனின் கட்டிலருகே வந்து நின்றாள். அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "இங்க ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் மூக்கை மூடவில்லை. ஜெபமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சாரு கால்லருந்து வருதுக்கா."

வலது கால் சாக்ஸை உருவ முடியவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் விட்டு நனைத்து நனைத்துப் பிரித்தார்கள். விரல்கள் அப்படியே இருந்தன, ஒரு கீறல் இல்லை. குதிகாலின் ஓரத்தில், ஷூவின் விளிம்பு அழுத்திய இடத்தில், உள்ளே எலும்பு வரைக்கும் கறுத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். எதையும் மறைக்காமல் ஜெபமணி சொன்னாள். சொல்லும்போது ஞானசீலன் பக்கத்திலேயே படுத்திருந்தார். டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

அவள் அழுவதற்குக்கூட இடமில்லாத வார்டு அது. லேஸை இழுத்துக் கட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எலி செய்திருந்தால் எலியைச் சபிக்கலாம். இதற்கு யாரைச் சபிப்பது?

மறுநாள் டயானா வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிப்பா? எப்படி ஆச்சு?"

ஜெபமணி சொல்லத்தான் எழுந்தாள். அதற்குள் ஞானசீலன் முந்திக்கொண்டார்.

"எலிதாம்மா. போன வருஷம் மாதிரியே. எனக்குத்தான் தெரியாதே."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். பேசாதே என்று கெஞ்சுகிற பார்வை. முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியதில் அவர் அவளுக்காகச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

டயானாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"வாரத்துக்கு வாரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. ஒரு எலி. ஒரே ஒரு எலிய உன்னால தடுக்க முடியலையா?"

ஜெபமணி அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"முடியலம்மா" என்றாள்.