அமரவிளையில் வேது குளி

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டக் காலத்தில் ஊர்வலத்துக்குப் போய் லத்தி அடி வாங்கி வந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். கரும்பலகையில் எழுத முடியாத வாத்தியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? பள்ளி திறக்கும்போது கை சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் போடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதனால் கோடை விடுமுறையில் அமரவிளையில் ஒரு வைத்தியர் வீட்டில் தங்கி வேது குளிக்கப் போனேன். வீட்டின் பின்னால் ஓலைச் சாய்ப்பு. பெரிய உருளியில் நொச்சியிலையும் புளியிலையும் கொதித்துக்கொண்டிருக்கும். தைலம் தேய்த்து, தோர்த்துத் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நோயாளிகள் எல்லாரும் ஆவிக்குள் உட்காருவோம். அந்தச் சூடு தோளில் இறங்கும்போது, சும்மா சொல்லக்கூடாது, உலகத்தில் யார்மேலும் வருத்தமில்லை என்று தோன்றும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேது வெள்ளத்தை, அதாவது அந்த இலை கொதித்த வெந்நீரை, தனக்குத்தானே ஊற்றக்கூடாது. எதிரே இருப்பவர்தான் கிண்டிச் செம்பில் கோரி ஊற்ற வேண்டும். எனக்கு எதிரே வாய்த்தவர் முட்டி வீங்கிய ஒரு மலையாளத்துக்காரர். சூடு பார்த்துப் பக்குவமாக ஊற்றினார். ஊர்வலத்தில் என் தோளில் அடி விழுந்ததைச் சொல்லி, அவர் முட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உங்க ஜாதாவுக்குப் பின்னால ஓடி ஓடித்தான் சாறே. நான் போலீஸாக்கும்."

என்னை அடித்தது அவர் இல்லை. இருந்தாலும் அதன்பிறகு அவர் கட்டியிருந்த தோர்த்துகூட எனக்குக் காக்கியாகத்தான் தெரிந்தது. வேறு ஆளை மாற்றித் தரச் சொல்லி வைத்தியரிடம் போனேன்.

"போலீஸும் போராட்டமும் வெளிய. இங்க வெள்ளம் ஊத்துத கை மட்டும்தான் உண்டு. பின்னே, கோபப்பட்டா மருந்து பிடிக்காது, பாத்துக்கிடும்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் ஊற்றி வந்தேன். உப்பில்லாக் கஞ்சி, புளியில்லாக் குழம்பு, கூடவே கோபமில்லாப் பத்தியம். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். விடுமுறை தீரப் போகிறது, கை இருந்தபடியே இருந்தது. வேலை போய்விட்டது என்றே பயந்துபோனேன்.

அப்படி ஒரு காலையில் அவர் முட்டியை நீட்டிக்கொண்டு சுகமாகச் சொன்னார். "நீங்க எத்தனை கூப்பாடு போட்டாலும் பாறசாலை தமிழ்நாட்டுக்குக் கிட்டாது சாறே."

வந்ததே கோபம்! கிண்டியை ஓங்கிவிட்டேன். பாதி வெள்ளம் என் தலையிலேயே கொட்டியது. அவர் குனியவில்லை. என் தலைக்கு மேலே பார்த்து, "கை பொங்கிச்சே! வைத்தியரே, ஓடி வாரும், சாறுக்க கை பொங்கிச்சே!" என்று முட்டியை மறந்து எழுந்து நின்று கூவினார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். எப்போது கை மாறியதோ, கிண்டி வலது கையில், தலைக்கு மேலே உயர்ந்து இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிற்பாடு அவர் சொன்னபடியே பாறசாலை மலையாளத்தோடேயே நின்றுவிட்டது, அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் என் கைக்காக முதலில் சந்தோஷப்பட்டவர் அந்தப் போலீஸ்காரர்தான்.

வைத்தியர் வந்து இருவரையும் பார்த்தார். "கோபப்பட்டாச்சு, இல்லியா? சரி, வெள்ளம் ஆறுததுக்குள்ள ஊத்தும்."

அவரை உட்காரச் சொல்லி, முட்டியில் வலது கையாலேயே ஊற்றினேன்.