அவித்த விதைநெல்

தென்காசியில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் யுத்த காலத்து மார்கழியில், குற்றாலம் போகிற சாலையோரத்து வீட்டில், நாலு பேருக்கு ஒரே கம்பளி என்று படுத்து எழுந்தவர்கள் இல்லை. அந்தக் கம்பளியிலும் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மலையிலிருந்து இறங்குகிற பனி விடிந்த பிறகும் வைக்கோல் படப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். துணிக்குக் கட்டுப்பாடு. மண்ணெண்ணெய்க்குக் கூப்பன். சீனியின் நிறமே மறந்துபோயிருந்தது. ரேஷன் அரிசியில் பாதி கல், பாதி புழு, மிச்சமெல்லாம் நாற்றம். பெரியவர்கள் எந்நேரமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே திரிந்தார்கள்.

எனக்கோ அந்த மார்கழி முழுக்க ஒரே கொண்டாட்டம். காரணம், எங்கள் மாட்டுத்தொழுவில் அம்மா நெல் அவிக்கிற அடுப்பு.

வாரத்துக்கு ஒரு நாள், விடிவதற்கு முன்னால், பெரிய செம்பு அண்டாவில் ஊறின நெல்லை ஏற்றி அடியில் தென்னமட்டையைத் திணிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் செத்த பிணமாகக் கிடக்கிற நான், அன்றைக்கு மட்டும் யாரும் எழுப்பாமலே தொழுவில் போய் உட்கார்ந்திருப்பேன். நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் வெந்து முதுகு விறைக்கும். திரும்பி உட்கார்ந்தால் முதுகு வெந்து முகம் விறைக்கும். நானும் தம்பியும் எங்களைத் தோசை மாதிரித் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்வோம். நெல் வாய் பிளக்கிற வாசனை வரும்போது அம்மா ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறுவாள். உள்ளேயிருந்து சீனிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வரும். தோல் கரிக்கட்டையாக இருக்கும். இரண்டாகப் பிட்டால் ஆவி மூக்கில் அடிக்கும். ஆறட்டும் என்று எந்தப் பிள்ளை காத்திருக்கும்? அந்த மாதம் முழுக்க என் நாக்கில் தோல் இல்லை.

அந்த அடுப்பு ஒரு திருட்டு அடுப்பு. புரட்டாசியில் கார் அறுப்பு முடிந்ததுமே சர்க்கார் ஆபீசர் வந்து களத்தில் அளந்து, வீட்டுக்குத் தலைக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கென்று விட்டது கார்த்திகையோடு தீர்ந்தது. ரேஷன் அரிசி தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தின்றால் வயிற்றாலே போய்க்கொண்டே இருந்தது. அதை முன்கூட்டியே நினைத்து அப்பா படப்புக்கு அடியில் இரண்டு மூட்டை நெல்லை மறைத்து வைத்திருந்தார். மாசி அறுப்பு வரைக்கும் அதுதான் எங்கள் சோறு. பிடிபட்டால் நெல்லும் போகும், அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். அதனால்தான் விடியுமுன் அவிப்பு. அவிகிற வாசனை தெருவுக்குப் போகாமலிருக்க, மாட்டுக்குக் கொசு விரட்டுகிற சாக்கில் அப்பா பச்சை வேப்பிலையைப் போட்டுப் புகை மூட்டுவார்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல அடுப்பு பத்தி மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்" என்றாள் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்துக்கொண்டேன்: விஷயம் தெரிந்தால் மற்றப் பிள்ளைகள் கிழங்கில் பங்குக்கு வந்துவிடுவார்கள். அம்மா இவ்வளவு கஞ்சமா என்று எனக்கு மனத்தாங்கலாகவே இருந்தது.

அந்த வருஷம் என் பக்கத்தில் புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நெல் அளந்த அதே ஆபீசரின் மகள். ஊரே வெறுத்த வீடு என்பதால் வகுப்பில் ஒருத்தியும் அவளோடு பேசமாட்டாள். எல்லாரும் செய்வதைச் செய்யாமலிருப்பது எனக்கு அப்போதே பிடிக்கும், நான் பேசினேன். உதடெல்லாம் வெடித்து, கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே இருப்பாள். அவர்கள் வீட்டிலும் அதே ரேஷன் அரிசிதான், அதே புழுதான் என்று அவள் சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது.

அவள் அப்பா நெல் பிடிக்கிறவர் என்று தெரிந்துதானே இருந்தது என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் எங்கள் வீட்டில்தான் அவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாரே, பார்த்த வீட்டை மறுபடி எதற்குப் பார்க்கப்போகிறார் என்பது என் கணக்கு.

திருவாதிரை வந்தது. அன்றைக்கு ஊரே விடியுமுன் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விடும், தைரியமாக அவிக்கலாம் என்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. முந்தின நாள் அவளும் சொன்னாள், அப்பாவோடு அருவிக்குப் போவதாக.

"குளிச்சிட்டு வெறச்சிப்போயி இந்த வழியாத்தான வருவ? எங்க வீட்டுக்கு வாட்டி. அடுப்பு இருக்கு. சுட்ட கிழங்கு தாரேன்" என்றேன்.

அன்று எல்லாரும் சொல்லிவைத்தபடியே நடந்தது. அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு கிழங்கைக் கூடுதலாகச் சாம்பலில் தள்ளிவிட்டு, நான் வாசலுக்கும் தொழுவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கிழக்கே வெளுக்கிற நேரம் சாலையில் மாட்டுவண்டிச் சலங்கை கேட்டது. கையை ஆட்டினேன். வண்டி நின்றது. ஈரத்தலையோடு அவள் குதித்தாள். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க அவள் அப்பாவும் இறங்கினார். அவள் அவர் கையைப் பிடித்து இழுக்க, நான் முன்னால் வழிகாட்ட, பக்கத்துச் சந்து வழியாக நேரே தொழுவுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அப்பா கையில் தென்னமட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். அம்மா அண்டாவின் மேல் மூடியைப் போட்டாள். மூடி போட்டால் வாசனை அடங்குமா? தொழு முழுக்க அவிந்த நெல் மணத்தது.

வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மானம் போயிற்று. "இங்கன உக்காருங்க மாமா, இங்கன புகை வராது" என்று நானே உபசாரம் செய்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நெருப்பில் காட்டினார். நான் கிழங்கைக் கொடுத்தேன். அவர் அதைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதினார்.

"விதைநெல்லா?" என்று கேட்டார்.

அப்பா அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆமாங்கய்யா. விதைநெல்லுதான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. பொய் சொன்ன அப்பாவை விட்டுவிட்டேன், ஒன்றும் தெரியாத ஆபீசருக்குப் பாடம் சொல்லக் கிளம்பிவிட்டேன்.

"அய்ய, வெதநெல்ல யாராச்சும் அவிப்பாங்களா மாமா? அவிச்சா மொளைக்காதுல்லா" என்றேன்.

அம்மா பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். ஆபீசர் கிழங்கின் கரித்தோலை நிதானமாக உரித்துக்கொண்டே இருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்படியா பாப்பா? எங்க ஊர்ல அவிச்சுத்தான் விதைப்போம்" என்றார்.

அவர் மகள் அவரையே பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து கிழங்கைத் தின்ன ஆரம்பித்தாள். தின்று முடித்ததும் அவர் எழுந்து, "கிழங்கு நல்லா வெந்திருந்துச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். சலங்கைச் சத்தம் தேய்கிற வரைக்கும் அப்பா மட்டையைக் கீழே போடவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை கலாட்டாவில் நெல்லை இறக்க மறந்து அது அளவுக்கு மீறி வெந்துபோயிருந்தது. அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "போனா போவுதும்மா" என்று தேற்றினேன். என் முதுகில் நாலு விழுந்தது. வீட்டில் நெல் அவிப்பதை உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்று என் கையை நெருப்பின் மேல் நீட்டவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சத்தியத்தை நான் மீறவில்லை. எங்கள் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இப்படி ஒரு வேடிக்கையை எத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருப்பது? இரண்டாம் நாள் இடைவேளையில் எல்லாரையும் கூட்டிவைத்து, "இவ அப்பா ஊர்ல அவிச்ச நெல்லத்தான் வெதைப்பாங்களாம்" என்று போட்டு உடைத்தேன். வகுப்பில் அத்தனை பேரும் வயல்காட்டுப் பிள்ளைகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நெசமாட்டி? அவிச்ச நெல்லு மொளைக்குமா?" என்று ஒருத்தி அவளைக் கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகக்கூட நினைவில்லை. அந்தப் பேச்சு எங்கே, எந்த அண்டாவின் பக்கத்தில் நடந்தது என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். எங்கள் சோறும் போயிருக்கும், அவள் அப்பாவின் உத்தியோகமும் போயிருக்கும். அவளுக்கும் என்னைப்போல ஒன்பது வயதுதான்.

"ஆமா. எங்க ஊர்ல முளைக்கும்" என்றாள்.

சிரிப்பு இன்னும் பலமானது. எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். மாசி அறுப்பு வரைக்கும் எங்கள் வீட்டில் நல்ல சோறு இருந்தது. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'அவிச்ச நெல்லு' என்றுதான் பேர். வைத்தது நான்.