அப்பாவின் ஏப்பம்

எங்கள் வீட்டில் வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் காற்று. எரிந்தால் காற்று, குத்தினால் காற்று, உப்பினாலும் காற்று. மருந்தும் ஒன்றுதான்: தைலத்தை ஊற்றித் தொப்புளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஏப்பம் வந்துவிட்டால் நோய் வெளியேறிவிட்டதாக அர்த்தம். கிள்ளான் நகரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இந்த வைத்தியத்துக்கு நான்தான் தலைமை மருத்துவர். வயது ஒன்பது. கணக்குப் பாடத்தில் மட்டும் கொஞ்சம் மோசம்.

அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். துறைமுக வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும். சாப்பிட இறங்கினால் முறை போய்விடும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் கோப்பி, மதியம் சிகரெட். வீடு திரும்பியதும் பகல் முழுவதற்குமான சோற்றைச் சம்பாலோடு ஒரே மூச்சில் முடித்து அப்படியே சாய்ந்துவிடுவார். அம்மா கட்டிக்கொடுத்த கீரைச் சோறு லோரியிலேயே டெங்கில் என்ற ஊர் வரை சுற்றிவிட்டு, மூடி திறக்காமல் திரும்பி வரும்.

"நேரத்துக்குச் சாப்பிட்டா இந்தக் காத்து எங்கேருந்து வரும்? கிளினிக்குக்காவது போங்களேன்" என்பார் அம்மா.

"லீவு போட்டா லோரிய வேற ஆளுக்குக் குடுத்துருவான்லா. வீட்டுலயே டாக்டர் இருக்காரு. டேய், தேய்டா!"

தேய்ப்பேன். ஏப்பம் வரும். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வேன்.

பிறகு ஏப்பம் வரத் தாமதமாயிற்று. நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். அதன் பின்தான் ஏப்பம் வரும். அவர் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. "என்னண்ணே, ஹீரோ மாதிரி ஸ்லிம் ஆயிட்டீங்க!" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை அப்பா இரத்தமாக வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் டாக்டர் அம்மாவைத் தனியே அழைத்து, வயிற்றில் கட்டி என்றும், ரொம்பத் தாமதமாக வந்துவிட்டோம் என்றும் சொன்னார். கதவோரம் நின்று கேட்ட நான், தாமதத்துக்குக் காரணம் ரோட்டு நெரிசல் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது தைலப் போத்தலைக் கால்சட்டைப் பைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். தேய்த்தேன். அப்பா வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

"மிஸ்ஸி! காத்து போயிருச்சு! அப்பாவ வீட்டுக்கு அனுப்பிருங்க!" என்று நர்ஸைப் பார்த்துக் கத்தினேன்.

வார்டே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் எழுந்து வெளியே போனார். தைல நெடி தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன். கஞ்சித் தண்ணீர்கூட இறங்காத அந்த வயிற்றிலிருந்து ஏப்பத்தை எப்படி எடுத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.