மீனாம்பாள் விட்டுக்கொடுக்காத ஞாயிறு

பதுளைக் கடைவீதியில் ஹுமைத் முதலாளியின் அரிசிக் கடைக்கு ஒரு மேல்மாடி உண்டு. வாரத்தில் ஆறு நாளும் அங்கே அரிசி மூட்டைகள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மூட்டைகளின்மேல் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூட்டைகளை நகர்த்திவிட்டுப் பெஞ்சு போட யாருக்கும் முதுகு வளையவில்லை. அதுதான் ஏகதேவ சபை.

கடவுள் ஒருவரே, மூவர் இல்லை. இயேசு நல்ல வழி காட்டிய மனிதர், அவரைக் கும்பிட வேண்டியதில்லை, பின்பற்றினால் போதும். இப்படிச் சொன்ன கிறிஸ்தவர்கள் அவர்கள். பெரிய கோயில்காரர்கள் அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கடைவீதிப் பையன்கள் "ஒத்தச் சாமிக்காரங்க போறாங்கடோய்" என்று பின்னாலேயே கத்துவார்கள். சபையார் திரும்பிப் பார்க்காமல் படியேறுவார்கள்.

சபைக்குப் பாதிரியார் கிடையாது. யார் எப்போது சேர்ந்தாரோ அந்த வரிசையில் ஞாயிறுக்கு ஒருவர் எழுந்து பேச வேண்டும். என்ன பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது என்பது அவர் பாடு. அவர் பெயர் முந்தின ஞாயிறே வாசிக்கப்பட்டு, படிக்கட்டு உச்சியில் தொங்கும் கற்பலகையில் எழுதப்படும். இந்த ஒரு விதிக்காகத்தான் மீனாம்பாள் அந்தச் சபையில் சேர்ந்தாள்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் அவள். பத்து வயதிலிருந்து அவள் பெயரைத் தினமும் ஒருவர் உரக்கக் கூப்பிட்டார். விடிவதற்கு முன்னால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கூப்பிடுவார். கூப்பிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். புருஷன் சடையன் வயிற்றுக்கடுப்பில் செத்த மறுவாரம், கங்காணி வழக்கம்போல "மீனாம்பா!" என்று கூப்பிட்டார். வரிசையில் நின்றபடி, "அவ போயிட்டாளுங்க" என்று அவளே பதில் சொன்னாள். சொன்னபடியே போயும் விட்டாள். கங்காணி கெட்ட வார்த்தையில் கத்தியது வளைவு திரும்பும்வரை கேட்டது.

பதுளையில் ஹுமைத் முதலாளியின் கடையில் சாக்குத் தைக்கும் வேலை கிடைத்தது. எலி கடித்த சாக்கு, வண்டி ஆணி கிழித்த சாக்கு எல்லாவற்றையும் கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு தைத்துவிட்டு, அழிந்துபோன தோட்டத்துக் குறியைக் கறுப்பு மையால் திரும்ப எழுத வேண்டும். எழுத்துத் தெரியாமலே அந்தக் குறிகளைப் படம்போல வரைந்து பழகினாள்.

சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவள் என்பதால் முதலில் பெரிய கோயிலுக்குத்தான் போனாள். ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். பாதிரியார் முகம் சிவந்தது. கோயில்பிள்ளை வந்து அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். அதற்கடுத்த ஞாயிறு, வேலை செய்யும் கடையின் மேல்மாடிக்கே ஏறிப்போனாள்.

சேர்ந்த பிறகு முதல்முறை அவள் பெயர் வந்தபோது மலேரியாக் காய்ச்சல் அவளைப் பாயோடு போட்டுவிட்டது. முறை அடுத்தவருக்குப் போயிற்று. வரிசை சுற்றி வருவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஆண்டில் புதன்கிழமை வகுப்புக்குப் போய்த் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். வேறு எதையும் கற்றுக்கொள்ள அவளுக்கு அவசரமில்லை.

இனி, அவள் முறை மறுபடி வருவதற்கு முந்தின ஞாயிறு. கூட்டம் முடியும் நேரம். சபைக் காரியதரிசி ஜெயராசா எழுந்து அறிவிப்புகளை வாசித்தார். அவர் வக்கீல் வேலை பார்க்கும் ஒரு பிரக்டர் ஐயாவிடம் கிளார்க்கு. வெள்ளைக் கோட்டும் தொண்டையைச் செருமும் பழக்கமும் உள்ளவர்.

"புதன்கிழமை மாலை எழுத்து வகுப்பு. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தல். ரொட்டி கொண்டுவர முடிந்தவர்கள் கொண்டுவரவும். மாதக் கடைசியில் துன்ஹிந்த அருவிக்குக் கட்டுச்சோற்றுப் பயணம். வீரசிங்கத்தின் வண்டியில் குழந்தைகளுக்கும் முடியாதவர்களுக்கும் மட்டும் இடம். மற்றவர்கள் நடக்கலாம்." இங்கே ஒரு செருமல். "அடுத்த ஞாயிறு சென்னையிலிருந்து திரு. சாலமோன் கந்தப்பன் வருகிறார். நம் சபைக்கு நிரந்தரமாக ஒரு போதகரை அனுப்பலாமா என்று பார்க்கவே வருகிறார். ஆகவே அன்றைக்கு அவரே பேசுவார்."

பின் மூட்டையிலிருந்து குரல் வந்தது. "அன்னைக்கு என் முறைங்க."

"தெரியும்மா. ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாம்."

"அதுக்கடுத்த வாரம் வேற ஆளு முறை. அவங்க தள்ளுவாங்களா?"

ஜெயராசா சிரிக்க முயன்றார். "பெரிய மனுசர் கடல் தாண்டி வாறாரு. போதகர் வந்துட்டா ஊரு நம்மளக் கேலி பண்ணாது. அதுக்கப்புறம் இந்த முறை கிறை எதுவுமே வேண்டியதில்ல."

அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. தள்ளிப்போவது ஒரு வாரம் அல்ல. போதகர் வந்துவிட்டால் அந்தப் பலகையில் எவர் பெயரும் வராது. லயத்தில் பெயர் கூப்பிட்டது சுமக்க. இங்கே கூப்பிடுவது பேச. அதையும் எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

"நான் விட மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வாரம் முழுவதும் கடையில் இதே பேச்சுத்தான். ஹுமைத் முதலாளி தராசுக்குப் பக்கத்திலிருந்தே கிண்டினார். "என்னா புள்ள, ஒங்க சபைல சண்டையாமே? நாங்களும் அல்லா ஒருத்தன்தாங்குறோம், நீங்களும் சாமி ஒருத்தன்தாங்குறீங்க. ஆனா அந்த ஒருத்தனப் பத்திப் பேசுறதுக்கு இத்தன பேரு அடிச்சிக்கிறீங்க."

"அடிச்சிக்கல்ல மொதலாளி. வரிசையில நிக்கிறோம். நடுவுல ஒருத்தரு பூந்துட்டாரு."

"அப்ப நீ விடாத. என் கடையில வரிச தாண்டி வந்தா நான் அரிசி அளக்குறதில்ல."

வெள்ளிக்கிழமை ஜெயராசாவின் மனைவி வடிவம்மா வந்தாள். கையில் ஒரு நீலச் சேலை. சாக்குக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து அதை நீட்டினாள். "ஞாயித்துக்கெழம இதக் கட்டிக்கிட்டு முன்னால ஒக்காரு மீனாம்பா. பேச மட்டும் வேணாம். அவரு ரெண்டு நாளாத் தூங்கல்ல."

மீனாம்பாள் தையலை நிறுத்தவில்லை. "அக்கா, ஒங்க முறை வந்தப்பல்லாம் என்ன பேசுனீங்க?"

"நான் எங்க பேசுனேன்? அவருக்குக் குடுத்துட்டேன். எல்லாப் பொம்பளைங்களும் அப்பிடித்தானே குடுக்குறாங்க."

"அப்ப அவரு ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ பேசுறாரு. நீங்க ஒரு தடவயும் பேசல்ல." ஊசி சாக்கைத் துளைத்து மறுபக்கம் வந்தது. "எனக்குக் குடுக்குறதுக்குப் புருசன் இல்ல. அதுனால நானே வச்சுக்குறேன்."

வடிவம்மாவுக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு எழுந்தாள். சேலையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை மீனாம்பாள் எல்லோருக்கும் முன்னால் படியேறினாள். பலகையில் எழுத்து இருந்தது. அதில் தன் பெயர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. தெரிந்த ஒரே சொல் அதில் இல்லை. ஈரத் துணியால் ஒரு பெயரைத் துடைத்துவிட்டு அதன்மேல் கந்தப்பன் பெயரை எழுதியிருந்தார்கள். துடைத்த தடம் மங்கலாகத் தெரிந்தது.

கீழே இறங்கினாள். வெறும் சாக்கு ஒன்றை உதறித் தரையில் விரித்தாள். மைச் சட்டியை எடுத்தாள். தோட்டத்துக் குறி எழுதும் தூரிகையால், முழங்கை நீள எழுத்தில், 'மீனாம்பாள்' என்று எழுதினாள். மழையில் நனைந்த வண்டியில் பசறைவரை போனாலும் கரையாத மை அது. சாக்கைக் கொண்டுபோய்ப் பலகைக்கு மேலேயே ஆணியில் மாட்டினாள். பலகை மறைந்தது.

சபையார் ஒவ்வொருவராக வந்தார்கள். சாக்கைப் பார்த்தார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஜெயராசா கந்தப்பனோடு ஏறி வந்தார். ஈரத் துணியை எடுத்து எழுத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். துணி கறுத்ததே தவிரச் சாக்கு அப்படியே இருந்தது.

"அது போகாதுங்க" என்றாள் மீனாம்பாள். "முதலாளி கடையிலேயே கெட்டியான மை."

கந்தப்பன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து எழுத்தைப் படித்தார். "இந்த அம்மையார் யார்?"

"இன்னைக்குப் பேசுற ஆளு ஐயா" என்று முந்திக்கொண்டு சொன்னான் வண்டிக்கார வீரசிங்கம். விருந்தாளியின் முன்னால் சண்டை போட ஜெயராசாவால் முடியவில்லை. பாட்டு முடிந்ததும் மீனாம்பாள் எழுந்து முன்னால் போய் நின்றாள்.

நின்றாள். நேரம் போயிற்று. யாரோ இருமினார்கள். கீழே மாட்டு வண்டி ஒன்று கடகடத்துப் போயிற்று.

"வாரம் பூரா யோசிச்சேன்" என்றாள். "ஒண்ணும் வரல்ல. ஒண்ணும் வரல்லேன்னு சொல்றதுக்கும் இன்னைக்கு முறை என்னோடதுதான்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான் எங்கிட்ட இருக்கு. அத ஒரு கோயில்ல கேட்டேன், கையப் புடிச்சு வெளிய விட்டாங்க. எம் புருசன் சடையன் ஞானஸ்நானம் வாங்காமச் செத்தாரு. அவரு நரகத்துல எரியிறாரான்னு கேட்டேன். அந்தப் பாதிரியாரு ஆமான்னும் சொல்லல்ல, இல்லேன்னும் சொல்லல்ல. இப்ப ஒங்ககிட்ட கேக்குறேன். எரியிறாரா?"

 வீரசிங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினான்.

"இல்ல தங்கச்சி. ஒங்க தோட்டத்துக்கு வண்டி ஓட்டுனப்பவே சடையன எனக்குத் தெரியும். எம் மாட்ட நான் அடிச்சா அன்னைக்கு எங்கூடப் பேச மாட்டான். அவனப் புடிச்சு நெருப்புல போடுற சாமின்னா, அந்தச் சாமி எனக்கு வேணாம்."

"இல்ல" என்றார் தையற்காரர் ஒருவர். "இல்லவே இல்ல" என்றது ஜன்னலோரத்துக் குரல். மூட்டைக்கு மூட்டை அந்தச் சொல் நகர்ந்து வந்தது. முன் வரிசையில் வடிவம்மாவும் "இல்ல" என்றாள். ஜெயராசா திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

கந்தப்பன் எழுந்தார். "நானும் இல்லை என்றே சொல்கிறேன் அம்மா. ஆனால் இத்தகைய கேள்விகளுக்குத் தக்க விடை அளிக்கத்தான் படித்த போதகர் ஒருவர் தேவை என்கிறோம்."

"பதிலுதான் கெடச்சிருச்சுங்களே ஐயா" என்றாள் மீனாம்பாள். போய்த் தன் மூட்டையில் உட்கார்ந்தாள்.

ஜெயராசாவுக்குக் கூட்டத்தை எப்படியாவது பழைய தடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அறிவிப்புகளை எடுத்தார். புதன்கிழமை வகுப்பு, ஆஸ்பத்திரி, அருவிப் பயணம். "அடுத்த ஞாயிறு வடிவம்மா முறை. வழக்கம்போல அவருக்குப் பதிலாக நான்..."

"வழக்கம்போல இல்ல" என்றாள் வடிவம்மா. "நானே பேசுறேன்."

"நீ என்ன பேசுவ?"

"ஞாயித்துக்கெழம வந்து ஒக்காருங்க. தெரியும்."

அப்போது எழுந்த சிரிப்புக் கீழே கடைவரை கேட்டதாக ஹுமைத் முதலாளி பின்னால் சொன்னார். சிரிப்பு அடங்கும் முன்பே கந்தப்பன், போதகர் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கைகள் உயர்ந்தன. ஜெயராசாவின் கை தோள்வரை வந்து நின்றுவிட்டது.

போதகர் வரவில்லை. பொம்பளைகள் எழுந்து கேள்வி கேட்கும் இடம் கோயிலே இல்லை என்று இரண்டு குடும்பங்கள் பெரிய கோயிலுக்குத் திரும்பிப் போயின. வடிவம்மா தன் ஞாயிறு முழுவதும் ஊறுகாய் கெட்டுப்போவதைப் பற்றியே பேசினாள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். பேசினாளே என்றாள் மீனாம்பாள். அந்தச் சாக்கைத் திரும்பக் கடைக்கு எடுக்க முதலாளி மறுத்துவிட்டார். "பேரெழுதுன சாக்குல அரிசியப் போட்டா அரிசியும் எந்திரிச்சுப் பேசும்" என்றார். அது படிக்கட்டு உச்சியிலேயே, பலகைக்குப் பக்கத்தில் நகர்த்தி மாட்டப்பட்டுத் தொங்கியது. அடுத்தடுத்து முறை வந்தவர்கள் தங்கள் பெயரையும் அதில் எழுதச் சொன்னார்கள். எழுதிக் காட்டியதைப் பார்த்து அவள் படம்போல எழுதினாள். மற்ற அறிவிப்புகள் பலகையில் வந்து அழிந்துகொண்டிருந்தன; பெயர்கள் மட்டும் சாக்கில் நின்றன.

பதுளைக்கு ரயில் வந்த ஆண்டிலும் அவள் முறை வந்தது. தலை நரைத்திருந்தது, ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. பல ஞாயிறுகளில் அவளிடம் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. அன்றும் இல்லை. அவளுக்குப் பதிலாக வேறு யாராவது பேசட்டுமா என்று புதுக் காரியதரிசி கேட்டார்.

"வேணாம்" என்று சொல்லி எழுந்து முன்னால் போய் நின்றாள். "இன்னைக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள். கூட்டம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.