இரண்டு பெட்டி, ஒரு நல்ல திரை

எங்கள் வீட்டு ஹாலில் சோபா கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு வீடியோ கேம் பெட்டிகள் நிற்கின்றன, காசு போட்டு ஆடும் பழைய ரகம். பள்ளிகொண்டாவில் ஒரு கடையை மூடியபோது என் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "இன்னாத்துக்குய்யா இது?" என்று கேட்டேன். "சும்மா," என்றார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் மெக்கானிக். நாள் பூராவும் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிற ஆளுக்கு வீட்டிலும் பிரிக்க ஏதாவது வேண்டும்போல. நானும் அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள்தான். அங்கேதான் பழக்கம், அங்கேதான் கல்யாணப் பேச்சு. அதனால் எழுதும்போது அவர் என்கிறேனே ஒழிய, நேரில் நீ, வா, போதான்.

இரண்டு பெட்டியில் ஒன்றுக்குத்தான் திரை பளிச்சென்று இருக்கும். இன்னொன்றில் படம் மங்கல். சூடானால் உருளவும் ஆரம்பிக்கும். ஆனால் ஆட்டம் இருப்பது உள்ளே செருகியிருக்கும் சர்க்யூட் போர்டில். இரண்டு பெட்டிக்கும் சாக்கெட் ஒரே மாதிரி, அதனால் எந்த போர்டை எதில் வேண்டுமானாலும் செருகலாம். எனக்கு விமான ஆட்டம், அவருக்குக் குத்துச்சண்டை. நல்ல திரை யாருக்கு என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. ஞாயிற்றுக்கிழமை அவர் தன் போர்டை நல்ல பெட்டியில் செருகிவிடுவார். மறுநாள் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் மறுபடி விமானம் வரும்.

எத்தியோப்பியா வேலை வந்த பிறகு எல்லாம் தாறுமாறாகிவிட்டது. அங்கே புதிதாக ஒரு ஷூ கம்பெனி. எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். சம்பளம் ஜாஸ்தி. இவருடைய தோஸ்த் ஒருவர் ஏற்கெனவே போய்விட்டார். ஏஜென்ட் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். போகட்டுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. சம்பளம் ஏறினால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம்தானே என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், குடும்பம் முன்னுக்கு வருவதைக் கெடுத்தவள் என்ற பேர்தான் மிஞ்சும்.

விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் அவருக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. வேலைக்குக் கிளம்பும் முன் போர்டை மாற்றுவார், வந்ததும் மாற்றுவார். ஆடுவதுகூட இல்லை. செருகுவார், படம் வருகிறதா என்று பார்ப்பார், அணைப்பார், திரும்ப உருவுவார். நான் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருப்பேன். "பேஜாரா இருக்குதுய்யா, ஒரு எடத்துல உக்காரேன்," என்று கத்துவேன். "நீ உக்காரு மொதல்ல," என்பார். இரண்டு பேரும் உட்கார மாட்டோம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் சாயங்காலம், நான் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவர் போர்டை உருவித் திருப்பிப் பார்த்து, "அடப்பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடியில் இருந்த செம்புக் கோடுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. போர்டு ஆடாமல் இருக்க அடியில் தோல் துண்டு வைத்திருந்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். கட்டில் கால் ஆடினால் தோல், கதவு இடித்தால் தோல், மிக்ஸி அதிர்ந்தால் தோல். கம்பெனி வேஸ்ட்டில் அள்ளி வந்ததுதானே. ஆனால் குரோம் போட்டுப் பதப்படுத்திய தோல் மழைக்கு ஈரத்தை இழுக்கும். அதில் ஊறிக்கிடக்கும் உப்பும் ஆசிடும் சேர்ந்து செம்பைத் தின்றுவிட்டன. வேறு ஊர்க்காரன் என்றால் ரப்பர் வைத்திருப்பான்.

"ஊர் புத்தி போவுதா பாரு," என்றேன்.

டூத் பிரஷ்ஷில் தின்னரைத் தொட்டுத் தொட்டுக் களிம்பைத் தேய்த்து எடுத்தார். அறுந்த கோட்டுக்கு மேல் முடி மாதிரி ஒரு கம்பியை வைத்துப் பற்றவைத்தார். பிறகு போர்டை என்னிடம் நீட்டினார்.

"நீ மாட்டு."

"நானா? அது உன் வேலை."

"மாட்டித்தான் பாரேன். சுவிட்ச் ஆஃப்ல இருக்குதா பாத்துக்கோ. சிப் இருக்கிற பக்கம் மேல வரணும். தலைகீழா சொருகுனன்னா எரிஞ்சிடும். ரெண்டு ஓரமும் சமமா அழுத்து."

சொல்லிக்கொண்டே போனார். படம் உருண்டால் எந்தத் திருகைத் திருப்புவது, எங்கே கையே வைக்கக் கூடாது, எல்லாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்புவதற்கு வீட்டை ஒழுங்கு பண்ணுகிறார் இந்த ஆள். காஸ் தீர்ந்தால் யாருக்குப் போன் செய்வது என்று இரண்டு நாள் முன்னால் சொன்னதும் இதற்குத்தான்.

செருகி, சுவிட்சைப் போட்டேன். விமானம் பளிச்சென்று வந்தது.

"பாத்தியா! இனிமே நான் இல்லன்னாலும் நீயே பாத்துக்குவ," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் சுவிட்சை அணைத்து, போர்டை உருவி அவர் மடியில் வைத்தேன்.

"எனக்கு வரல."

"இப்பத்தானடி படம் வந்துச்சு?"

"வரலன்னா வரல. நீ வீட்ல இருந்து மாட்டு."

அழக் கூடாது என்றுதான் இருந்தேன். அழுதுவிட்டேன். அவர் போர்டை மடியில் வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா இன்னா?"

அவர் போர்டைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சரி, இப்ப கேக்குறேன். போவட்டா?" என்றார்.

"போவாத," என்றேன்.

உடனே ஏஜென்ட்டுக்குப் போன் செய்து பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார். வைப்பதற்கு முன், விசா வந்துவிட்டதா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அவருக்குப் போக அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. அது தெரிந்த பிறகும் நான், போய் வா என்று சொல்லவில்லை.